கோஷா ஆஸ்பத்திரி தந்த டாக்டர் மேரி ஷார்லீப் அம்மையார்

சென்னைத் திருவல்லிக்கேணியில், கடற்கரைச் சாலைக்கு அண்மையில், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உரிய அரசு மருத்துவமனை ஒன்று இருக்கிறது. கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்பது அதன் பெயர். ஆனால் நம் உத்திரமேரூர்ப் பக்கத்துப் பாட்டிமார்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் சற்று யோசிப்பார்கள். கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லுங்கள். உடனே முகம் மலரும். தம் மகளுக்கோ மருமகளுக்கோ அங்கே பிரசவம் ஆன கதையை மூச்சு விடாமல் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

கோஷா என்பது பாரசீகச் சொல். மூலை, ஒதுக்கிடம் என்பது அதன் பொருள். அந்நிய ஆடவர் கண்ணில் படாமல் திரைக்குப் பின்னால் வாழ்ந்த பெண்களைக் கோஷாப் பெண்கள் என்றார்கள். அப்படி மூலையில் இருந்த பெண்களுக்காக ஒரு மருத்துவமனை எழுந்ததற்குக் காரணமாக இருந்தவர், கடல் கடந்து வந்த ஓர் இல்லத்தரசி. அவர்தாம் டாக்டர் மேரி ஷார்லீப் அம்மையார்.

மேரி 1845-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இலண்டனில் பிறந்தார். பிறந்த சில நாட்களிலேயே தாயை இழந்தார். மகப்பேற்றை அடுத்துத் தாய் மடிவது அக்காலத்தில் ஐரோப்பாவிலும் அன்றாட நிகழ்ச்சிதான். மேரி பிறந்து இரண்டே ஆண்டுகளில், 1847-இல், வியன்னா நகரில் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். பிணவறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வரும் மருத்துவர்கள் குளோரின் கலந்த நீரில் கை கழுவினால், பிரசவ ஜன்னியால் சாகும் தாய்மார்களின் தொகை விரைந்து குறைந்தது. அவரை உலகம் நம்பவில்லை. கை கழுவச் சொன்ன குற்றத்துக்காக அவர் பட்ட பாடு தனிக் கதை. அதைப் பின்னொரு முறை பார்ப்போம்.

மேரி கண்டிப்பான, இறைப்பற்று மிகுந்த கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தார். 1865-இல் வில்லியம் ஷார்லீப் என்ற வழக்கறிஞரை மணந்தார். வில்லியம் சென்னையில் தொழில் நடத்த வந்தவர். ஆகவே 1866-இல், 21 வயதுப் பெண்ணாகச் சென்னையில் வந்து இறங்கினார் மேரி. மூன்று குழந்தைகள் பிறந்தனர். கணவரின் சட்டப் பணிகளுக்கு உதவியாக எழுத்து வேலைகளையும் பார்த்து வந்தார்.

அந்த வேலையினால்தான் இந்த நாட்டுக் குடும்பங்களின் உட்செய்திகள் அவர் காதில் விழுந்தன. குழந்தை குறுக்கே கிடந்து மூன்று நாள் வலித்து இறந்த பெண்கள். நஞ்சுக்கொடி விழாமல் இரத்தம் கொட்டி ஒரே நாழிகையில் அடங்கிப்போனவர்கள். வலிப்புக் கண்டு, பேய் பிடித்ததென்று வேப்பிலை அடிக்கப்பட்டவர்கள். மருத்துவர் ஊரில் இல்லாமலில்லை. சென்னையில் 1844 முதலே பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. ஆனால் மருத்துவர்கள் ஆண்கள். ஆண் மருத்துவர் தொடுவதைவிடச் சாவதே மேல் என்று அந்தப் பெண்களும் நினைத்தார்கள், அவர்களுடைய வீட்டாரும் நினைத்தார்கள். நாணம் நல்ல அணிகலன்தான். ஆயினும் உயிரையே விலையாகக் கேட்கும் நாணத்தை இறைவன் கேட்டாரா என்ற கேள்வி மேரியை விடவில்லை.

அவர் செய்த முதற்காரியம் எளியது. பிரசவ ஆஸ்பத்திரிக்குச் சென்று தமக்கு மருத்துவச்சி வேலை கற்றுத் தருமாறு கேட்டார். வழக்கறிஞரின் மனைவி, துரைசானி, பிரசவ வார்டில் வேலை கற்க வருவதா என்று முதலில் தயங்கினாலும் பின்னர் அனுமதித்தார்கள். ஏறத்தாழ ஓராண்டு அங்கே கற்றார். கற்றபோதுதான் மருத்துவச்சியின் அறிவு எங்கே நின்றுவிடுகிறது என்பது தெரிந்தது. சுகப்பிரசவத்துக்கு நல்ல மருத்துவச்சி போதும். சிக்கல் வந்தால் மருத்துவம் தெரிய வேண்டும்; கத்தி எடுக்கவும் தெரிய வேண்டும்.

அன்று சென்னை மாகாணத்தின் மருத்துவத் துறைத் தலைவராக இருந்த சர்ஜன் ஜெனரல் எட்வர்டு பால்பர் பரந்த மனம் படைத்தவர். அவருடைய ஆதரவால் 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் கதவு பெண்களுக்குத் திறந்தது. நான்கு பெண்கள் சேர்ந்தனர். அவர்களுள் ஒருவர் மேரி. வயது 30. வீட்டில் மூன்று பிள்ளைகள். இலண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தர முன்வந்தது 1878-இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், நம் சென்னை எவ்வளவு முந்திக்கொண்டது என்று பெருமையாக இருக்கிறது.

பெருமை ஒருபுறம். ஆசிரியர்கள் எல்லாரும் மலர் தூவி வரவேற்றார்கள் என்று எண்ண வேண்டாம். இந்தப் பெண்கள் தம் வார்டில் சுற்றி வருவதைத் தம்மால் தடுக்க முடியாது, ஆனால் சொல்லிக் கொடுக்க மாட்டேன் என்று வெளிப்படையாகவே கூறிவிட்ட ஆசிரியரும் உண்டு. சொல்லிக் கொடுக்காவிட்டால் என்ன, கண்ணும் காதும் இருக்கின்றனவே! நோயாளியின் கட்டில்களைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். சில நாட்களில் அவருடைய மனமும் இளகிற்று. 1878-இல் மேரி தேறினார். அதே 1878-இல் கிருபாபாய் என்ற இளம்பெண் அக்கல்லூரியில் சேர்ந்தார். உடல் நலம் குன்றியதால் அவரால் படிப்பைத் தொடர முடியவில்லை. பின்னர் கிருபாபாய் சத்தியநாதன் என்ற பெயரில் எழுத்தாளராகப் புகழ் பெற்று 1894-இல் மறைந்தார்.

சென்னைப் படிப்பு மூன்று ஆண்டுதான். அது போதாதென்று மேரிக்குத் தோன்றியது. கணவரைச் சென்னையில் விட்டு இலண்டன் சென்றார். அங்கே பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1874 முதல் நடந்து வந்தது. எலிசபெத் காரெட் ஆண்டர்சன் என்ற புகழ்பெற்ற பெண் மருத்துவர் அவருக்குத் துணை நின்றார். 1882-இல் மருத்துவத்திலும் அறுவை மருத்துவத்திலும் இலண்டன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். மகப்பேற்று மருத்துவத்தில் தங்கப் பதக்கமும் அவருக்கே. பிறகு வியன்னாவுக்குப் போய்க் கடினமான பிரசவங்களைக் கையாளும் பயிற்சி பெற்றார். செம்மல்வைஸை விரட்டிய அதே நகரம், அதற்குள் அவர் சொன்னதையே பாடமாக நடத்திக்கொண்டிருந்தது.

1883-இல் இந்தியாவுக்குத் திரும்புமுன் விக்டோரியா மகாராணியாரைக் கண்டார். பெண்கள் மருத்துவம் படிப்பதை மகாராணியார் விரும்பியதில்லை. இந்தியப் பெண்கள் மருத்துவமின்றி மடிவதை மேரி விளக்கிச் சொன்ன பிறகு அவர் மனம் இரங்கினார் என்பது வரலாறு.

சென்னையில் வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. மருத்துவக் கல்லூரியில் மகப்பேற்று மருத்துவ விரிவுரையும் ஆற்றினார். ஆளுநரின் மனைவி லேடி கிராண்ட் டஃப் போன்றோர் துணை நிற்க, 1885-இல் நுங்கம்பாக்கத்தில் ஒரு வீட்டில் மருத்துவமனை தொடங்கியது. விக்டோரியா சாதி, கோஷாப் பெண்கள் மருத்துவமனை என்பது அதன் முழுப்பெயர். வெங்கடகிரி அரசர் ஒரு இலட்சம் ரூபாய் கொடையளித்தார். அரசு நிலம் தந்தது. 1890-இல் இன்றுள்ள இடத்துக்கு மருத்துவமனை பெயர்ந்தது.

அந்தப் பெயரைப் படிக்கும்போது எனக்குச் சற்று உறுத்துகிறது, மறைப்பானேன். ஒரு மருத்துவமனையின் முகப்பிலேயே சாதி என்ற சொல். நற்கருணை மேசையில் வரிசை பார்க்கக் கூடாதென்று கற்றவர்கள் நாம். ஆனால் அந்தச் சொல்லை எழுதி வைக்காமல் இருந்திருந்தால் அந்தப் பெண்கள் வீட்டு வாசலைத் தாண்டியிருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. மேரி அம்மையார் ஊரைத் திருத்திவிட்டுப் பிறகு நோயாளியைப் பார்க்கலாம் என்று காத்திருக்கவில்லை. நோயாளி அதற்குள் இறந்துவிடுவாள் அல்லவா? ஊர் கேட்ட திரையைக் கட்டிவிட்டு, திரைக்குள்ளே போய் நோயைப் பார்த்தார். சரியா தவறா என்று மாணவிகள் பட்டிமன்றம் நடத்தலாம்.

இனி, அந்தத் திரைக்குள் அவர் என்ன செய்தார் என்று சற்றே விரிவாகப் பார்ப்போம். ஏனெனில் அதில்தான் அவர் திறமை இருக்கிறது.

ஒரு பெண்ணை வயிறு பெருத்த நிலையில் அழைத்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊரிலிருந்து என்றால், அன்று செங்கற்பட்டு வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் மாட்டு வண்டி, அங்கிருந்து இரயில். கர்ப்பமா, சினைப்பையில் கட்டியா, கருப்பையில் நார்க்கட்டியா, மகோதரமா? இன்று ஸ்கேன் எடுத்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அன்று எக்ஸ்-கதிரே கிடையாது. அது வந்தது 1895-இல். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி நடைமுறைக்கு வந்தது 1896-க்குப் பிறகு. மருத்துவருக்கு இருந்தவை இரண்டு கைகளும், மரக்குழல் ஸ்டெதாஸ்கோப்பும், பொறுமையாகக் கேள்வி கேட்கும் வாயும்தாம்.

வயிற்றில் விரல் வைத்துத் தட்டிப் பார்ப்பார்கள். மகோதரத்தில், படுத்திருக்கும் நோயாளிக்கு நீர் இரு விலாப்பக்கமும் தேங்கும். அங்கே தட்டினால் மந்தமான ஓசை, நடுவில் மத்தளம் போன்ற ஓசை. சினைப்பைக் கட்டியில் இது தலைகீழ்: நடுவில் மந்தம், ஓரங்களில் மத்தளம். கர்ப்பமாயின் மரக்குழலில் குழந்தையின் இதயத் துடிப்பு, கைக்கடிகாரத்தைத் தலையணையடியில் வைத்தாற்போல் கேட்கும். கருப்பை நார்க்கட்டி பெரும்பாலும் கல்லைப்போல் கெட்டியாக இருக்கும். மாதவிலக்கில் மிகுந்த உதிரப்போக்கு இருந்ததா என்று கேட்டால் விடை கிடைக்கும். ஆனால் இவற்றுள் எதையும் திரைக்கு வெளியே நின்று, கணவர் மூலம் கேள்வி அனுப்பி, நாடியை மட்டும் பிடித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பெண் மருத்துவரின் கை எதற்காக வேண்டியிருந்தது என்பது இப்போது புரியும்.

பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று வளைகாப்பு முடித்த பிறகு கட்டி என்று தெரிவதும், பிள்ளையில்லை என்று புகுந்த வீட்டார் தள்ளி வைத்தவளுக்குக் கருப்பையில் கட்டி இருந்திருப்பதும் அக்காலத்துக்கு மட்டும் உரிய கதைகள் அல்ல. பெரும்பாலான நார்க்கட்டிகள் புற்றுநோய் அல்ல. சினைப்பைக் கட்டிகளிலும் பல தீங்கற்றவையே. ஆனால் தீங்கற்ற கட்டியும் பெருகிக்கொண்டே போனால் மூச்சை அடைக்கும். காம்பு முறுக்கிக்கொண்டால் உயிருக்கே இடர்.

சினைப்பைக் கட்டியை அறுத்து எடுக்கலாம் என்று முதலில் காட்டியவர் அமெரிக்காவில், கென்டக்கியில், மெக்டவல் என்ற நாட்டுப்புற மருத்துவர், ஆண்டு 1809. மயக்க மருந்து இல்லாத காலம்! குளோரோபாரம் பிரசவ அறைக்கு வந்தது 1847-இல். லிஸ்டரின் கார்பாலிக் முறை 1867-இல். அப்படியிருந்தும் வயிற்றைத் திறப்பது என்றால் மருத்துவமனைகளே அஞ்சின. எலிசபெத் காரெட் ஆண்டர்சன் 1872-இல் இந்த அறுவையைச் செய்ய முற்பட்டபோது, நோயாளி இறந்தால் மருத்துவமனையின் பெயர் கெடும் என்று நிர்வாகத்தார் இடம் தர மறுத்துவிட்டனர். அவர் தனியாக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, கழுவித் துடைத்து, அங்கே அறுவை செய்து வென்றார்.

மேரி அம்மையாரின் பெரும்புகழ் இந்த வயிற்று அறுவையில்தான் அமைந்தது. ஆனால் அது சென்னையில் அன்று, இலண்டனில். சென்னையின் வெயிலும் ஓயாத உழைப்பும் அவர் உடலை முறித்துவிட்டன. 1887-இல் மருத்துவமனையை விட்டுப் பிரிந்தார். 1888-இல் எம்.டி. பட்டம், 1892-இல் ஆண்டர்சன் அம்மையாருக்குப் பின் பெண்களுக்கான புதிய மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவர், 1897-இல் அறுவை மருத்துவத்தில் உயர்பட்டம், 1902-இல் இராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பெண்நோய் மருத்துவர். பெண்கள் மருந்து எழுதட்டும், கத்தி எடுக்க மனத்திடம் போதாது என்று பேசியவர்கள் அவர் அறுவை செய்யும் அறையில் வந்து நின்று பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

வெற்றி மட்டுமே அவர் கண்டதில்லை. பேறுகால வலிப்புக்கு அன்று சரியான மருந்தே இல்லை. சிறுநீரைச் சூடாக்கிப் பார்த்து வெண்புரதம் திரிகிறதா என்று அறியலாம். முகமும் காலும் வீங்குவதைக் கவனிக்கலாம். அதற்கு மேல் குழந்தையை விரைந்து பிறக்கச் செய்வது ஒன்றே வழி. மெக்னீசியம் சல்பேட் ஊசி பரவலான வழக்கத்துக்கு வந்தது மிகவும் பிற்காலத்தில். கருப்பை வாய்ப் புற்றுநோயோ, நோயாளி வந்து சேரும்போதே பெரும்பாலும் கைமீறியிருக்கும். நாற்றமுள்ள வெள்ளையும், மாதவிலக்கு நின்ற பிறகு காணும் உதிரமும் அதன் அறிகுறிகள். அவற்றை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு மாதக்கணக்கில் மறைத்தார்கள். இன்றும் நம் சுற்றுவட்டாரத்தில் மறைக்கிறார்கள். தாய்மார்கள் கோபிக்கக் கூடாது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கருப்பை வாயைப் பரிசோதிக்கிறார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில், புற்றுநோயால் 1969-இல் மறைந்த அறிஞர் அண்ணா பெயரிலேயே அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. இந்த நோய்க்குப் பெரும்பாலும் காரணம் ஒரு வைரஸ் என்பதும், 9 முதல் 14 வயதுக்குள் சிறுமியருக்குத் தடுப்பூசி போடலாம் என்பதும் மேரி அம்மையார் கனவிலும் காணாத செய்திகள்.

அவர் கனவு கண்டிருக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். 1950-களில் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்டு என்ற மகப்பேற்று மருத்துவர், கப்பல்களிலும் தொழிற்சாலைகளிலும் பயன்பட்ட ஒலி அலைக் கருவியை வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தார். தீராத புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் இருந்தது நீர் நிறைந்த சினைப்பைக் கட்டி என்று கருவி காட்டியது. அறுத்து எடுத்தார்கள்; அவள் பிழைத்தாள். 1958-இல் இது வெளிவந்தது. ஸ்கேன் பிறந்தது இப்படித்தான். மேரி அம்மையார் விரலால் தட்டிக் கேட்டதைத்தான் அந்தக் கருவியும் ஒலியால் தட்டிக் கேட்கிறது.

நம் சகோதரிகளுள் சிலர் கேட்கக்கூடும்: அக்காலத்தில் கத்தோலிக்கக் கன்னியர் இப்பணிக்கு ஏன் வரவில்லை? துறவற சபையினர் பிரசவ மருத்துவம் பார்ப்பதற்குத் திருச்சபையின் அனுமதி அன்று இல்லை. ஆக்னஸ் மக்லாரன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இதற்காக உரோமையிடம் திரும்பத் திரும்ப முறையிட்டு, விடை காணாமலே 1913-இல் இறந்தார். அவரைப் பற்றிய சிறு நூலைப் படித்து உள்ளம் உருகிய ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி, தனி அனுமதி பெற்று 1920-இல் அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூருக்கு வந்து கன்னியர் மடத்தில் சேர்ந்து, இயேசுவின் திரு இருதய மரியா என்ற பெயருடன் எண்ணற்ற தாய்மாருக்கு மருத்துவம் பார்த்தார். பொது அனுமதி வந்தது 1936 பிப்ரவரி 11-இல், லூர்து அன்னையின் திருநாளன்று.

ஷார்லீப் அம்மையார் ஆங்கிலிக்கன் சபையைச் சார்ந்தவர். இந்தியாவை விட்டுச் சென்ற பிறகும் இந்தியப் பெண்களை மறக்கவில்லை. இந்தியாவுக்குப் பெண் மருத்துவர்களைத் தேர்ந்து அனுப்பும் பணியில் முதுமையிலும் ஈடுபட்டார். 1920-இல் இங்கிலாந்தின் முதற் பெண் மாஜிஸ்திரேட்டுகளுள் ஒருவராக அமர்ந்தார். 1926-இல் அரசு அவருக்கு டேம் என்னும் உயர் விருது அளித்தது. 1930 நவம்பர் 21-இல், 85-ஆம் வயதில் இலண்டனில் காலமானார்.

விடுதலைக்குப் பின் மருத்துவமனையின் பெயரிலிருந்து சாதியும் கோஷாவும் நீங்கிக் கஸ்தூர்பா அம்மையாரின் பெயர் சூட்டப்பட்டது. பாட்டிமார்கள் மட்டும் பழைய பெயரை விடவில்லை. பேருந்தில் சென்னைக்குப் போகும் மருமகளிடம், கோஷா ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க விடிவதற்குள் போய்விடு என்று இன்றும் சொல்லி அனுப்புகிறார்கள்.